தலைவருக்குக் குளிர்கிறது

வாஞ்சிநாதன் பேச்சை நிறுத்திய வருடம் அவரைத் தலைவராக்கினார்கள்.

அதற்கு முன்பு நெடுங்காலம் அவர் தென் கல்கத்தா தமிழர் பேரவையின் சாதாரண உறுப்பினர். சணல் ஆலை ஒன்றில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூட்டையைத் தடவிப் பார்த்துக் குறை சொல்லும் பழக்கம் கூட்டத்திலும் தொடர்ந்தது. எந்தத் தீர்மானத்தையும் தடவிப் பார்ப்பார். "ஏன்?" என்பார். "யார் சொன்னா?" என்பார். அவர் எழுந்து நின்றாலே செயலாளர் வெங்கடநாராயணன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார்.

பேரவையில் ஒரு வழக்கம் உண்டு. தொடங்கிய 1951 முதல் எல்லாத் தீர்மானங்களும் ஒருமனதாகவே நிறைவேறியிருக்கின்றன. வாக்கெடுப்பு நடந்ததில்லை. யாராவது ஒப்பவில்லை என்றால் அவர் ஒப்பும்வரை கூட்டம் நடக்கும். அதுவரை காபி வராது. வாஞ்சிநாதன் கேள்வி கேட்ட காலத்தில் காபி பெரும்பாலும் ஆறித்தான் வந்தது.

அறுபத்தாறு வயதில் அவருக்கு ஏதோ ஆயிற்று. கேள்விகள் குறைந்தன. பிறகு நின்றன. கூட்டத்தில் எழுந்து நிற்பார். எதற்கு எழுந்தோம் என்று யோசிப்பார். உட்கார்ந்துவிடுவார். முகம் உப்பியது. புருவங்களின் ஓரம் உதிர்ந்தது. குரல் கனத்துக் கீழே இறங்கியது. செயலாளர் இவை எல்லாவற்றையும் கவனித்தார்.

1999 ஏப்ரலில் பொதுக்குழு கூடியது. லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த பேரவை மாடியில் வெங்கடநாராயணன் பேசினார். அவர் வங்கி அதிகாரியாக இருந்தவர்.

"முன்னாடி இவர் பேசினா ஹால் பூரா கேக்கும். இப்போ பேசலை, ஹால் பூரா நிம்மதியா இருக்கு. அந்த முகத்தைப் பாருங்கோ, என்ன ஒரு பூரிப்பு. அந்தக் குரலைக் கேளுங்கோ. கேக்கலைன்னா அது நம்ம காதோட குறை. ஒரு தலைவர்கிட்ட நாம வேற என்ன எதிர்பார்க்கிறோம்? சொல்லுங்கோ வாஞ்சி, சம்மதந்தானே?"

வாஞ்சிநாதன் கேள்வியை வாங்கிக்கொண்டார். அது உள்ளே போய்ச் சேர நேரம் பிடித்தது. சேர்ந்ததும் தலையை அசைத்தார். அதற்குள் கைதட்டல் முடிந்து காபி வந்திருந்தது.

வீட்டில் அவர் மனைவி சாவித்ரிக்கு இது பெருமையாக இல்லை. டாக்குரியா பகுதியில் இருந்த அவர்கள் வீட்டுக் கூடத்தில், மே மாதத்தில், வாஞ்சிநாதன் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். தலையில் கல்கத்தாக்காரர்கள் மங்கி டூப்பி என்று சொல்லும் கம்பளிக் குல்லாய். முகத்துக்கு மட்டும் ஓட்டை.

"ஏன்னா, லேக்ல நாய்கூட தண்ணிக்குள்ள இறங்கிப் படுத்துண்டிருக்கு. உங்களுக்கு எதுக்கு இந்தக் குல்லாய்?"

"குளிர்றது."

"டாக்டர்கிட்ட போலாமா?"

அவர் எழுந்து சாப்பிடப் போனார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "எதுக்கு?" என்றார்.

பேரவையில் எல்லோரும் வயது என்றார்கள். பக்குவம் என்றும் சொன்னார்கள். உடம்பு சரியில்லை என்று சொன்னவர் ஒருவர்தான். பிரிட்டோ, துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்ற தூத்துக்குடிக்காரர். அவருக்குச் சர்க்கரை வியாதி. சர்க்கரை சட்டென்று இறங்கினால் போட்டுக்கொள்ள, சட்டைப் பையில் எப்போதும் பெப்பர்மின்ட் வைத்திருப்பார். இருவரும் தினம் காலையில் ஏரியைச் சுற்றி நடப்பவர்கள்.

"என்ன வே, நான் ரெண்டு சுத்து வந்துட்டேன். நீரு அந்த மரத்துக்கிட்டயே நிக்கீரு. நங்கூரம் போட்டாச்சா?"

வாஞ்சிநாதன் மரத்தைப் பார்த்தார்.

"முந்தில்லாம் திருப்பித் திட்டுவீரு. இப்ப அதுவும் இல்ல. யக்கா," என்று பிரிட்டோ சாவித்ரியிடம் வந்து சொன்னார், "இவரை யாருகிட்டயாவது காட்டுங்க. தலைவர் ஆனதுல இருந்து ஆளு மூழ்கிட்டே போறாரு."

வாஞ்சிநாதன் தலைமை தாங்கிய முதல் கோடைக் கூட்டத்தில் அவர் சால்வையை இழுத்து விட்டுக்கொண்டார். பொருளாளர் பரமசிவம் எழுந்தார்.

"தலைவருக்குக் குளிருதுய்யா. ஃபேனை நிறுத்துங்க."

அவர் தலைக்கு மேல் இருந்த மின்விசிறி நின்றது. தலைவருக்கு ஒன்று, உறுப்பினர்களுக்கு ஒன்று என்பது சமத்துவம் ஆகாது என்று செயலாளர் சொன்னார். மற்றவையும் நின்றன. அடுத்த கூட்டத்தில் சுவிட்சுகளுக்கு மேல் ஒரு மரப்பெட்டி அடிக்கப்பட்டது. சாவி பரமசிவத்திடம் இருந்தது.

அதற்கடுத்த கூட்டத்துக்குப் பரமசிவம் தானும் ஒரு மங்கி டூப்பி அணிந்து வந்தார். யாரும் சொல்லவில்லை, அவராகத்தான் வந்தார். செயலாளர் அவரை நீண்ட நேரம் பார்த்தார். அந்த வாரம் செயற்குழு உறுப்பினர்கள் கரியாஹாட் கடைவீதியில் குல்லாய் தேடினார்கள். கடைக்காரன் பரண்மேல் ஏறி, நாப்தலின் உருண்டைகளோடு மூட்டையை இறக்கினான்.

"தாதா, எல்லாரும் டார்ஜிலிங் ஜாச்சேன் நாகி?"

டார்ஜிலிங் போகவில்லை, செயற்குழுக் கூட்டத்துக்குப் போகிறோம் என்றார்கள்.

இப்படி ஒரு வருடம் போயிற்று. மறுபடியும் மே மாதம் வந்தது. கூட்டம் பகல் உணவு நேரத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தது. பொன்விழா மேடையில் யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருவது என்பது பொருள். பிரிட்டோ குல்லாய் போடாமல் கடைசி வரிசையில் இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காலையில் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவர். பெப்பர்மின்ட் தீர்ந்திருந்தது.

"ஃபேனைப் போடுங்கய்யா. ஒரு மாதிரி வருது."

"தலைவர் மூலமா கேளுங்கோ," என்றார் வெங்கடநாராயணன்.

"ஓய் வாஞ்சி. ஃபேனைப் போடச் சொல்லும் வே."

வாஞ்சிநாதன் கேட்டார். குரல் தெரிந்த குரல்தான். தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே பார்ப்பதுபோல அவர் பார்த்துக்கொண்டிருக்கையில் பிரிட்டோ இரும்பு நாற்காலியோடு சரிந்தார். காபிக்கு வைத்திருந்த சர்க்கரைக் கிண்ணத்தை யாரோ எடுத்து அவர் வாயில் கொட்டினார். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தார்.

அடுத்த கூட்டத்தில் அவர்மேல் இரண்டு குற்றச்சாட்டுகள் வைக்கப்பட்டன. தலைவரின் அனுமதியின்றி இருக்கையை விட்டுத் தரைக்கு இடம் மாறியது. தலைவர் காபி அருந்துமுன் பேரவைச் சர்க்கரையை உட்கொண்டது.

"தனிப்பட்ட விரோதம் இல்லை," என்றார் செயலாளர். "பிரிட்டோ ரொம்ப நல்லவர். நானே அவருக்கு விசிறினேன். ஆனா இன்னிக்கு ஒருத்தர் விழுந்து காரியம் சாதிச்சுண்டா, நாளைக்கு எல்லாரும் விழுவா. அப்புறம் கூட்டத்தை யாரை வெச்சுண்டு நடத்தறது? நீக்கறதுன்னு தீர்மானம். தலைவரே?"

பிரிட்டோ காலில் கட்டோடு வாசல் பக்கம் நின்றிருந்தார். வாஞ்சிநாதன் கேள்வியை வாங்கிக்கொண்டார். அது உள்ளே போயிற்று. தலை அசைந்தது.

காபி வந்தது.

சாவித்ரியின் காதுக்கு இது வந்தது. மறுநாள் காலை அவரைச் சட்டை மாற்றச் சொன்னாள். ரிக்‌ஷாவில் ஏற்றினாள்.

டாக்டர் சுப்ரியாவுக்கு முப்பது வயது இருக்கும். பெற்றோர் தமிழர்கள். அவள் பிறந்து வளர்ந்தது இங்கே. தமிழை யோசித்து யோசித்து, நடுவில் வங்காளி கலந்து பேசினாள்.

"மாமா, சேர் மேல ஏறி முட்டி போடுங்கோ. சுவரைப் பிடிச்சுக்கோங்கோ. பாதம் வெளியில தொங்கட்டும். ஹாங், டீக் ஆச்சே."

வாஞ்சிநாதன் நாற்காலிமேல் மண்டியிட்டார். சுப்ரியா ரப்பர் சுத்தியலால் குதிகாலுக்கு மேலே தசைநாரில் தட்டினாள். பாதம் உதறியது. பிறகு, போன இடத்திலிருந்து திரும்பி வர மனமில்லாததுபோல, மெதுவாக, மிக மெதுவாகத் தன் இடத்துக்கு வந்தது. சுப்ரியா மறுபடி தட்டினாள். மறுபடியும் அப்படியே.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கார், மாமி?"

"குல்லாய் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆறது. அதுக்கு முன்னாடியே பேச்சு நின்னுடுத்து. அப்புறம் பேரவைக்குத் தலைவர் ஆனார்."

சுப்ரியா மூன்றையும் அறிகுறிகளில் எழுதிக்கொண்டாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. "கழுத்துல இருக்கிற தைராய்டு கிளாண்ட் வேலை செய்யலை. உடம்பு பூரா ஸ்லோ ஆயிடுத்து. ஹார்ட், குடல், மூளை எல்லாம். அதான் குளிர், அதான் முகத்துல வீக்கம்."

"வயசுன்னு சொன்னாளே எல்லாரும்."

"வயசானா இவ்ளோ குளிராது. இன்னும் ரெண்டு விண்டர் இப்படியே விட்டிருந்தா, தூக்கத்துலயே போயிருப்பார்." அவள் ஒரு சின்ன வெள்ளை மாத்திரையின் பெயரை எழுதினாள். "தினம் காலையில, வெறும் வயித்துல, வெறும் தண்ணியில. காபி அப்புறம். வயசானவர், அதனால கொஞ்சமா ஆரம்பிச்சு மெதுவா கூட்டுவோம். வாழ்நாள் பூரா நிறுத்தக் கூடாது. நிறுத்தினா திரும்பவும் உள்ள போயிடுவார்."

மழைக்காலம் முழுவதும் சாவித்ரி மாத்திரை கொடுத்தாள். ஒரு நாள் அவர் பருப்பில் உப்பு இல்லை என்றார். அவள் சமையலறைக்குப் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உப்பு சரியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் கூட்டத்தில் அவர் கழுத்தில் வியர்வை இறங்கியது. சால்வையைக் கழற்றினார். குல்லாயைக் கழற்றினார். எதிரில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். எல்லோரும் குல்லாய் போட்டிருந்தார்கள்.

"யாரு ஃபேனை நிறுத்தினா?"

செயலாளர் பேனாவை மூடினார்.

"நீங்கதான், தலைவரே."

"நானா? ஏன்?"

அந்தச் சொல் அங்கே கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. வெங்கடநாராயணனின் கை தானாகக் கடிகாரத்துக்குப் போயிற்று.

"பிரிட்டோ எங்கே?"

"நீங்கதான் நீக்கினேள். ஒருமனதா."

அவருக்கு அது நினைவில் இருந்தது. யாரோ பக்கத்து அறையில் சொன்னதுபோல இருந்தது. "திரும்பச் சேர்க்கணும்," என்றார்.

யாரும் ஒப்பவில்லை. கூட்டம் நீண்டது. செயற்குழு குல்லாய்க்குள் வியர்த்துக்கொண்டு அசையாமல் இருந்தது. வாஞ்சிநாதன் பேசினார், திட்டினார், மேஜையைத் தட்டினார். விளக்கு வைத்தபின் அவருக்குச் சிறுநீர் முட்டியது. அவர் எழுந்து போனபோது தீர்மானம் விலக்கிக்கொள்ளப்பட்டதாக ஒருமனதாகக் கொள்ளப்பட்டது. திரும்பி வந்தபோது எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஹவுரா போய் ரயிலேறி சாந்த்ராகாச்சிக்குப் போனார். அங்கே தன் மகளின் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குக் குடிபோயிருந்த பிரிட்டோ கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது பாதத்தில் பெருவிரல் இல்லை.

"என்ன வே, முழிச்சுட்டீரா?"

வாஞ்சிநாதன் பாதத்தையே பார்த்தார்.

"அன்னைக்கு விழுந்தம்லா, நாற்காலி காலைக் கிழிச்சுப்போட்டுது. எனக்குத் தெரியவே இல்ல. காலுக்குக் கீழ பஞ்சு கட்டின மாதிரித்தான், சர்க்கரைக்காரனுக்கு. மவ பாத்துட்டு அலறுனா. நீக்கச்சே வந்து நின்னேன் பாரும், அப்பவே விரலு உள்ள அழுகிப் போச்சு. விரலோட விட்டாங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியலை பிரிட்டோ."

"தெரியும். நீரு தலையை ஆட்டுனதைப் பாத்தேன். கயிறு அவுத்துவிட்ட படகு மாதிரி ஆடிச்சு. உள்ள ஆளு இல்ல. அதான் எனக்குக் கோவம் வரல."

பிரிட்டோவின் பேரன் எட்டிப் பார்த்து வங்காளியில் ஏதோ கேட்டுவிட்டுப் போனான். சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டே இருந்தது.

"உமக்கு என்ன செய்யணும்?"

"ஒண்ணும் வேண்டாம். பேரவை ரீடிங் ரூம்ல மத்தியானம் ஒக்காந்து பேப்பர் படிச்சுட்டு, நாலு பேரைத் தமிழ்ல ஏசணும். அவ்வளவுதான். இங்க நான் தமிழ் பேசினா ரயிலு ஒண்ணுதான் பதில் சொல்லுது."

"சேர்க்கிறேன்."

"பாப்போம்," என்றார் பிரிட்டோ. பெப்பர்மின்ட் ஒன்றை எடுத்து நீட்டினார். வாஞ்சிநாதன் வாங்கிக்கொண்டார். இனித்தது.

பூஜை விடுமுறை முடிந்ததும் செயலாளரும் பொருளாளரும் டாக்குரியா வீட்டுக்கு வந்தார்கள். வங்காள இனிப்பான ஜலபரா சந்தேஷை ஒரு பெட்டியில் கொண்டுவந்தார்கள். சாவித்ரியிடம் கொடுத்தார்கள்.

"மாமி, நாங்க குறை சொல்ல வரலை," என்றார் வெங்கடநாராயணன். "மருந்து நல்ல மருந்துதான். நேரந்தான் சரியில்லை. ஜனவரியில பொன்விழா. இவர் படத்தை ஆயில் பெயின்ட்ல வரைஞ்சாச்சு. இப்போ முகம் வத்திண்டே போறது. படத்துக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை. மலர்ல நான் எழுதின கட்டுரை அச்சாயிடுத்து. 'அசையாத தலைமை'ன்னு தலைப்பு. இவர் மேஜையைத் தட்டினா கட்டுரைக்கு என்ன மரியாதை?"

"அதனால?"

"மாத்திரையை மூணு மாசம் தள்ளிப் போடலாமேன்னு."

"உசிருக்கு ஆபத்துன்னு டாக்டர் சொன்னா."

"அந்த டாக்டருக்கு முப்பது வயசு. பேரவைக்கு ஐம்பது. யார் சொல்றதைக் கேக்கறது? மாமி, எங்களுக்கும் அனுபவம் உண்டு. ரெண்டு தலைவர்கள் பதவியிலேயே காலமானா. ஒருத்தர் கூட்டம் நடக்கும்போதே. ஒரு சின்ன இடைஞ்சல் வந்ததா? அஜெண்டாவை முடிச்சுட்டுத்தான் இரங்கல் தீர்மானம் போட்டோம். அவரும் ஒத்துழைச்சார்."

"நம்ம அய்யா அப்படி ஆகணும்னு சொல்லலைம்மா," என்றார் பரமசிவம். "அதுக்குக் கொஞ்சம் முன்னாடி இருந்தாரே, அந்த நிலைமை போதும்."

சாவித்ரி சந்தேஷ் பெட்டியை மூடி அவர்கள் பக்கம் நகர்த்தினாள். அப்போது வாஞ்சிநாதன் பேசினார்.

"பிரிட்டோவைச் சேர்ப்பேளா?"

"பொன்விழாவுக்கு மறுநாள் கூட்டம். முதல் பொருளே அதுதான். ஒருமனதா சேர்த்துடறோம். மாத்திரையை மட்டும் நிறுத்துங்கோ."

"சரி."

அவர்கள் போனபின் சாவித்ரி அவரைப் பார்த்தாள்.

"நிறுத்தப் போறேளா?"

"இல்லை. நிறுத்தின மாதிரி இருக்கப் போறேன். மறுநாள் கூட்டத்துல ஒரே ஒரு வாக்கியம் சொல்லணும். 'பிரிட்டோவை இப்பவே சேர்க்கணும்.' அதுவரைக்கும் நடிச்சாப் போதும்."

சாவித்ரி முதல்முறையாகச் சிரித்தாள். "உங்களுக்கு வராது. உடம்பு நன்னா இருக்கறச்சே நீங்க பேசாம ஒரு வேளை இருந்ததில்லை."

வந்தது.

பேரவை ஒரு கண்காணிப்புத் துணைக்குழு அமைத்தது. உறுப்பினர் பரமசிவம் ஒருவர்தான். தினம் காலையில் அவர் சொந்தக் காபியை பிளாஸ்கில் எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் உட்காருவார். மாத்திரை உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அவர் வருமுன்பே சாவித்ரி கொடுத்துவிடுவாள். பரமசிவம் பரிசோதனைகளும் செய்தார். எவர்சில்வர் டம்ளரைத் தரையில் போடுவார். வாஞ்சிநாதன் உடனே திரும்பக் கூடாது. திரும்பாமல் இருக்கக் கற்றுக்கொண்டார். கேள்வியை வாங்கி வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார். பார்வையைச் சுவரில் எங்கே நிறுத்தினால் இமை ஆடாது என்று கண்டுபிடித்தார்.

துணைக்குழு செயற்குழுவுக்கு அறிக்கை கொடுத்தது. முன்னேற்றம் திருப்திகரம்.

நடிப்பு நினைத்ததைவிட எளிதாக இருந்தது. தலைவர் முன்பு யாரும் குரலை உயர்த்தவில்லை. சால்வையை இழுத்துவிட ஆள் இருந்தது. விழித்தபின் வெயில், பேருந்துப் புகை, மீன் சந்தையின் நாற்றம், விரல் இல்லாத பாதம் எல்லாம் அவர்மேல் வந்து மோதியிருந்தன. குல்லாயைப் போட்டுக்கொண்டால் அவை கொஞ்சம் தள்ளி நின்றன.

டிசம்பரில் ஒரு நாள் பரமசிவம் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. சாவித்ரி, "காய் என்ன வாங்கணும்?" என்றாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை அசைத்தார்.

"யாரு இருக்கா இங்கே பாக்க? குல்லாயைக் கழட்டுங்கோ."

அவர் கழற்றினார்.

"அந்த வாக்கியத்தைச் சொல்லுங்கோ."

"பிரிட்டோவை இப்பவே சேர்க்கணும்."

"இன்னொரு தடவை."

சொன்னார்.

2001 ஜனவரியில் பொன்விழா நடந்தது. ஆயில் பெயின்ட் படத்தைத் திறந்து வைத்த சிறப்பு விருந்தினர் படத்தையும் பக்கத்தில் இருந்தவரையும் பார்த்துவிட்டு, "இவர் அவருடைய தம்பியா?" என்று கேட்டார். ஆம் என்று செயலாளர் சொன்னார். அதுவே எளிது. விருந்தினர் மாலையைப் படத்துக்குப் போட்டார். வாஞ்சிநாதன் கைதட்டல் முடியும்வரை சுவரைப் பார்த்தார். விழாவை ஒட்டி இலவச ரத்தப் பரிசோதனை முகாமும் இருந்தது. டாக்டர் சுப்ரியாதான் நடத்தினாள். சாவித்ரி அழைத்திருந்தாள். செயற்குழு உறுப்பினர்கள் எல்லோரும் புகைப்படத்துக்காக ரத்தம் கொடுத்தார்கள்.

மறுநாள் கூட்டத்துக்குப் பிரிட்டோ சாந்த்ராகாச்சியிலிருந்து வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் கம்பு. உறுப்பினர் அல்லாதவர் மாடிக்கு வரக் கூடாது. கீழே படிக்கட்டு ஓரம் பெஞ்சில் உட்கார்ந்தார். சாவித்ரியும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மாடியில் முதல் பொருளைச் செயலாளர் படித்தார்.

"பிரிட்டோ அவர்களை மீண்டும் சேர்ப்பது. இதில் எல்லாருக்கும் நல்லெண்ணம் இருக்கு. அந்த நல்லெண்ணத்தைப் பதிவு செஞ்சுண்டு, விஷயத்தை வைர விழாவின்போது பரிசீலிக்கலாம்னு தீர்மானம். தலைவரே?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அன்பாகத்தான் பார்த்தார்கள். படிக்கட்டில் காபி டிக்காஷன் வாசனை ஏறி வந்துகொண்டிருந்தது. கேள்வி அவரிடம் வந்தது. இந்த முறை அது உடனே உள்ளே போய்ச் சேர்ந்தது. எதுவும் குறுக்கே நிற்கவில்லை. வைர விழாவுக்குப் பத்து வருடம் இருக்கிறது என்று தெரிந்தது. பிரிட்டோ கீழே இருக்கிறார் என்று தெரிந்தது. வாக்கியம் நாக்கின்மேல் தயாராக இருந்தது.

அவர் சுவரில் அந்த இடத்தைப் பார்த்தார். அங்கே பார்த்தால் இமை ஆடாது.

கொஞ்ச நேரம் கழித்துத் தலையை அசைத்தார்.

கைதட்டல் கேட்டது. காபி மேலே போயிற்று.

அவர் கீழே இறங்கி வந்தபோது பிரிட்டோ கம்பை ஊன்றி எழுந்தார். "என்ன வே, ஆச்சா?"

வாஞ்சிநாதன் குல்லாய்க்குள்ளிருந்து பார்த்தார்.

"யக்கா, மாத்திரையை நிறுத்திட்டானுவளா?"

"இல்லை," என்றாள் சாவித்ரி. "காலம்பற நான்தான் கொடுத்தேன்."

பிரிட்டோ அவர் முகத்தை நன்றாகப் பார்த்தார். முகத்தில் வீக்கம் இல்லை.

"அப்ப உள்ள ஆளு இருந்திருக்காரு," என்றார்.

கம்பை ஊன்றி வெளியே நடந்தார். பேருந்து நிறுத்தம் வரை ஒரே சீராக நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாரம் சாவித்ரி அவரை மறுபடியும் சுப்ரியாவிடம் கூட்டிப்போனாள். பழையபடி ஆகிவிட்டார் என்றாள். மருந்து வேலை செய்யவில்லை என்றாள். சுப்ரியா மேஜைமேல் இருந்த முடிவுகளைப் புரட்டினாள்.

"மாமாவோட ரிப்போர்ட் ரொம்ப நன்னா இருக்கு. நார்மல். நான்கூட உங்க கமிட்டியைப் பார்த்துட்டு எல்லாருக்கும் இது இருக்குமோன்னு நினைச்சேன், மாமி. முகாம் ரிசல்ட் வந்துடுத்து. ஒருத்தருக்கும் இல்லை. எல்லாரும் நார்மல்."

"இன்னொரு தடவை பாரேன்."

வாஞ்சிநாதன் நாற்காலிமேல் ஏறி மண்டியிட்டார். யாரும் சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பார்வையை அதில் ஓரிடத்தில் நிறுத்தினார். சுப்ரியா குதிகாலுக்கு மேல் தட்டினாள்.

பாதம் சட்டென்று உதறியது. சட்டென்று தன் இடத்துக்குத் திரும்பியது. மறுபடி தட்டினாள். மறுபடியும் அப்படியே. வாலிபன் கால்போல.

"பாருங்கோ மாமி. பெர்ஃபெக்ட்."

சாவித்ரி பாதத்தைப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் சுற்றிப் போய் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன்னா," என்றாள்.

வாஞ்சிநாதன் தலையை அசைத்தார்.